பரிசு யாருக்கு?

பரிசு கிடைக்காதவர்கள் முணுமுணுப்பது உலக வழக்கம். முன்பின் பார்த்தறியாத ஒருத்திக்குப் பரிசு கிடைக்கவில்லையே என்று கடல் கடந்து முணுமுணுப்பவர்களும் உண்டு. அப்படி ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். அவள் என் மகள். கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவள்.

அவளுடைய வழக்கு 2023-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்காவில் கல்லூரிகள் 'கான்பரன்ஸ்' என்ற பெயரில் கூட்டாகச் சேர்ந்து தங்களுக்குள் பந்தயம் நடத்திக்கொள்கின்றன. தென்கிழக்குக் கான்பரன்ஸில் அப்போது 14 கல்லூரிகள். லூசியானா மாநிலப் பல்கலைக் கழகத்தின் ஏஞ்சல் ரீஸ் ஆட்டத்துக்குச் சராசரி 23 புள்ளி எடுத்தாள்; கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றியதோ 15 தடவைக்கு மேல். தென் கரோலினாவின் அலியா பாஸ்டனுக்குச் சராசரி 13 புள்ளிதான். பயிற்சியாளர்கள் கொடுக்கும் சிறந்த ஆட்டக்காரி விருது யாருக்குப் போயிற்று? பாஸ்டனுக்கு!

"இது என்ன நியாயம், அப்பா?" என்றாள் மகள்.

நான் முப்பது வருஷம் பேரேடு எழுதிய மனிதன். எண்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பேரேட்டில் பத்தி போடாத வரவு கணக்கில் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். பாஸ்டனைக் கண்டு எதிரி பந்தை எறியத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? அவளை மறிக்க இரண்டு பேர், மூன்று பேர் ஓடி வர, அதனால் தோழி ஒருத்திக்கு வழி திறந்தால், அதை யார் பேரில் வரவு வைப்பது? அவளுக்கு எதிராகத் திட்டம் போட்டுத் தலையை உடைத்துக்கொண்ட பயிற்சியாளர்களுக்குத்தான் அது தெரியும். அவர்கள் தம் சொந்த ஆட்டக்காரிக்கு வாக்களிக்கவும் கூடாது. அந்த வருஷம் தென் கரோலினா கான்பரன்ஸ் ஆட்டங்கள் பதினாறிலும் ஜயித்தது. ரீஸின் குழுவை 88-64 என்று தோற்கடித்தது.

"அது குழுவின் பெருமை. விருது ஆளுக்கா, குழுவுக்கா?" என்று மடக்கினாள் மகள். அதோடு விட்டாளா? "2024-லும் தென் கரோலினா ஒன்றுகூடத் தோற்கவில்லை. ரீஸின் சராசரியோ ஏறக்குறைய 19-க்கு இறங்கிவிட்டது. அந்த வருஷம் மட்டும் அவளுக்கே விருது கொடுத்தார்களே! அளவுகோல் எது?"

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். பதிலும் இல்லாமல் இல்லை. 2024-ல் தென் கரோலினாவில் பலர் சமமாகப் பாரத்தைச் சுமந்தார்கள். இவள்தான் என்று ஒருத்தியைச் சுட்டிக்காட்டுவது கஷ்டம். ஆனால் இது நான் சொல்லும் சமாதானம். வாக்களித்தவர்கள் சொன்னதல்ல. முடிவு மட்டும் வெளியே வருகிறது. யார் யாருக்கு எதற்காக வாக்களித்தார் என்பது வருவதில்லை.

வேறு சிலரைப் போல, "2023-ல் தேசியப் பட்டத்தையே லூசியானா வென்றதே!" என்று வாதாடுவதில் பயனில்லை. கான்பரன்ஸ் விருது அதற்கு முன்பே, வழக்கமான பருவ ஆட்டங்கள் முடிந்ததும் தீர்மானிக்கப்படுகிறது.

'பிக் டென்' கான்பரன்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பயிற்சியாளர்கள் ஒரு பட்டியல், பத்திரிகைக்காரர்கள் ஒரு பட்டியல் என்று தனித்தனியே வெளியிடுகிறார்கள். 2024-ல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் இரண்டிலும் முதலிடம் பெற்றாள், பேச்சுக்கு இடமில்லை. இரு சாராரும் வேறுபட்டால் அதுவும் ஊரறியத் தெரிந்துவிடும்.

என் யோசனை இன்னும் சுலபமானது. வாக்குச் சீட்டில் ஒரே ஒரு வரி காரணம் எழுதிக் கையெழுத்தும் போடட்டும். பரிசு பெற்றவளுக்கு அந்த வரி தேவையில்லை. அவள் கையில் கேடயம் இருக்கிறது. பருவம் முழுதும் ஓடி உழைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறாளே, அவளுக்கு 'ஏன்' என்று தெரிய வேண்டாமா?