விற்கப்பட்டவர்

பனித்தரையில் ஒருநாளும் கால்வைத்தறியாத நான், பனி ஹொக்கி இரசிகரின் துயரை எழுதப் புகுவது நண்பர்க்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், 1988 ஆகஸ்ட் 9ஆம் நாள் பத்திரிகையாளர் முன்னிலையில் பேச நாவெழாது கண்ணீர் துடைத்த வெய்ன் கிரெட்ஸ்கியைப் பழைய படமொன்றிற் கண்டது முதல், அக்காட்சி என்னை விட்டகலவில்லை.

ஐந்தாண்டுகளில் நான்கு முறை ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற எட்மன்டன் அணியின் தலைவர் அவர். அணியின் உடைமையாளரோ, ஒன்றரைக் கோடி அமெரிக்க டொலருக்கும் வேறு ஆட்டக்காரருக்குமாக அவரை லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கைமாற்றிவிட்டார். அரசு தலையிட்டு இதனைத் தடுக்கவேண்டுமெனக் கனடாவின் இடதுசாரிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கோரினார். நகைப்பதற்கில்லை. நம்மவர் என்று ஒரு நகரமே கொண்டாடிய மனிதர்மீது சட்டப்படியான உரிமை ஒரு முதலாளிக்கே இருந்தது. மக்கள் அதனை உணர்ந்தது அன்றுதான். சிலர் அம்முதலாளியின் கொடும்பாவியை எரித்தனர். பலரோ, முந்திய மாதம் கிரெட்ஸ்கி மணந்த நடிகைமீது சீறினர்! பணப்பையைப் பழிப்பதினும் பெண்ணைப் பழிப்பது எங்கும் எளிதாகவே இருக்கிறது.

1989 ஒக்டோபர் 15 அன்று, அதே எட்மன்டனில், எதிரணியின் சட்டையுடன் கோர்டி ஹோவின் 1850 புள்ளிச் சாதனையை அவர் கடந்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லாத வேளையில் அவர் அடித்த அந்தக் கோல், எட்மன்டனின் கைக்கெட்டிய வெற்றியைப் பறித்தது. மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.