மூக்குத்தியும் தூசியும்

ஸ்ரீரங்கத்து வீட்டுப் பரணை ஒழித்தபோது அப்பாவின் பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே அவருடைய ஆக்ஃபா க்ளிக் த்ரீ கேமராவில் எடுத்த கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள். ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ராஜகோபுரம், சாரம் கட்டி, பாதியில் நிற்கிறது. முன்னால் அம்மா. இடுப்பில் நான். 1984 வாக்கில் எடுத்திருக்க வேண்டும். பதின்மூன்று நிலை, 236 அடி என்று கோபுரம் முழுசாகி கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச்சில்தானே!

பிரிண்ட்டை எப்போதோ செல் அரித்துவிட்டது. இருப்பது இது ஒன்றுதான். செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கேனர் வாங்கி, கண்ணாடி மேல் நெகட்டிவை அப்படியே வைத்து ஸ்கேன் செய்தேன்.

வந்ததைப் பார்த்தால்... வானம் பூராவும் வளையம் வளையமாக, மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தின மாதிரி. நெட்டுக்கு ஒரு கோடு. எக்கச்சக்கமாக வெள்ளைப் புள்ளிகள். பி.காம். படிக்கும்போது ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் முழித்த முழி ஞாபகம் வந்தது.

மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு பழைய ஸ்டூடியோக்காரர்தான் கை கொடுத்தார். "தம்பி, நெகட்டிவை அரை இன்ச் நகர்த்தி இன்னொரு தரம் எடுங்க. கறையும் கூடவே நகர்ந்தா அது ஃபிலிம்ல இருக்கு. அங்கேயே நின்னா மெஷின்ல இருக்கு."

கோடு நகரவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் ஒரே ஒரு தூசி! துடைத்ததும் காணோம். வளையத்துக்குப் பெயர் நியூட்டன் வளையம். ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியில் படியும்போது நடுவில் சிக்கும் மெல்லிய காற்று செய்கிற வேலை. மருந்து பூசிய மங்கலான பக்கத்தைக் கீழே வைத்தேன். இடவலம் மாறி வந்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பிக்கொண்டேன். மீதிப் புள்ளிகளுக்கு 'தூசி நீக்கு' என்று ஒரு டிக். பளிச்!

உறையூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"ஏன்டா, அம்மா மூக்குத்தி எங்கடா?"

இல்லை. 1998-ல் என் காலேஜ் ஃபீஸுக்காகப் பெரிய கடைவீதிக்குப் போய்த் திரும்பி வராத மூக்குத்தி, இப்போது படத்திலிருந்தும் போயிருந்தது.

தப்பு என்னுடையதுதான். தூசி நீக்கும் வித்தை அகச்சிவப்புக் கதிரை வைத்து நடக்கிறது. கலர் ஃபிலிமின் சாயம் அந்தக் கதிரை வழிவிடும், தூசி மறிக்கும். மறிப்பதையெல்லாம் அழித்துவிட வேண்டியது, அவ்வளவுதான். கறுப்பு-வெள்ளையில் இருப்பதோ வெள்ளித் துகள். அதுவும் மறிக்கும். மூக்குத்தியின் மினுக்கு நெகட்டிவில் அடர்ந்த ஒரு வெள்ளிப் பொட்டு. மெஷினுக்கு அது தூசி! நான் கறுப்பு-வெள்ளையைக் கலர் கணக்கில் ஏற்றியிருந்தேன்.

டிக்கை எடுத்தேன். புள்ளிகள் அத்தனையும் திரும்பி வந்தன, மூக்குத்தியும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில் படங்களே லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. எனக்கு இந்த ஒரு படத்துக்கே நாலு ராத்திரி ஆயிற்று, ஒவ்வொரு புள்ளியாகக் கையால் எடுக்க.

கடைசியில் அம்மாவின் காதோரம் ஒரு புள்ளி. ஊதியும் போகவில்லை. தோடா, தூசியா? அக்காவுக்கு அதை மட்டும் பெரிசாக்கி அனுப்பினேன்.

ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "தெரியலடா. இருக்கட்டும், எடுக்காதே" என்றாள்.