குழித்துறை ஏலாவில் ஒரு கதிர்க்குருவி

ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு, செடி, கன்று வாங்குவதற்கென்றே பல ஊர்களில் இருந்து விவசாயிகள் வருவார்கள். போன ஆடியில் நானும் போயிருந்தேன். மறுநாள் காலையில் ஊரை ஒட்டிய வயல் பக்கம் ஒரு நடை போனேன்.

கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, தாமிரபரணி என்ற பெயரில் குழித்துறையைக் கடந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. இந்தப் பக்கத்தில் மேட்டில் ரப்பரும் தென்னையும், சரிவில் மரச்சீனியும் நிற்கும். இரண்டு மேடுகளுக்கு நடுவில் கிடக்கும் தாழ்ந்த வயல்வெளிக்கு ‘ஏலா’ என்று பெயர். ஒரு காலத்தில் நெல் மட்டுமே விளைந்த ஏலாக்களில் இன்று பாதிக்கு மேல் வாழை. சில இடங்களில் மண்ணடித்து வீடும் கட்டிவிட்டார்கள். நான் போன ஏலாவில் நாலைந்து வயலில்தான் கன்னிப்பூ நெல் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது.

வாய்க்கால் ஓரக் கோரையில் ‘டிக், டிக், டிக்’ என்று விடாமல் ஒரு சத்தம். கட்டைவிரல் பருமனில், மங்கிய பழுப்பு நிறத்தில், வாலை நிமிர்த்திக்கொண்டு ஒரு குருவி பாடிக்கொண்டிருந்தது. வயலுக்குச் சொந்தக்கார அம்மா கையில் அரிவாளோடு வந்தார். “இதுக்குப் பேரு சாதாக் கதிர்க்குருவி” என்றேன்.

“சாரே, பேரே கதிர்க்குருவிண்ணுதானே. பின்னே கதிரைத் தின்னாம என்னத்தைத் தின்னும்? இந்தக் கோரையை இண்ணைக்கே அறுத்துப் போடுதேன்” என்றார் அவர்.

பெயரில்தான் கதிர் இருக்கிறது, தீனியில் இல்லை. இந்தக் குருவி தின்பது புழு, பூச்சி, வண்டு, சிலந்தி. அலகைப் பார்த்தாலே தெரியும். நெல் கொறிக்கும் சில்லைக்கும் தூக்கணாங்குருவிக்கும் அலகு தடித்துக் கூம்பு போல இருக்கும். கதிர்க்குருவியின் அலகோ ஊசி போல மெல்லியது. நெல்லை உடைக்க அதனால் முடியாது. சிலந்தி நமக்கு நன்மை செய்வது, அதையும் இது பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் குஞ்சு பொரித்த நாட்களில் தாயும் தந்தையும் மாறி மாறிப் புழுவைக் கொண்டுவந்து ஊட்டுவது நம் வயலில் இருந்துதான்.

இது வலசை போகும் பறவை அல்ல. வருடம் முழுக்க அதே பகுதியில் வாழும். மொத்த நீளம் 13 சென்டிமீட்டர், அதில் வால் ஒரு நல்ல பங்கு. எடை 10 கிராம்கூட வராது. மழைக்காலத்தில் புல்லை நார் நாராகக் கிழித்து, கோரைத் தண்டுகளோடு சேர்த்துப் பை போலப் பின்னிக் கூடு கட்டும். வாசல் பக்கவாட்டில், மேல்புறமாக இருக்கும். மூன்று முதல் ஐந்து முட்டை இடும். 12 நாள் அளவில் பொரிக்கும். கோரையை விலக்கிக் காட்டினேன். கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தன. அந்த அம்மா அரிவாளை வரப்பில் வைத்துவிட்டார்.

எனக்கும் உறுத்தியது. ‘வரப்பைச் சுத்தமாக வையுங்கள்’ என்று எத்தனையோ கூட்டங்களில் நானே சொல்லியிருக்கிறேன். அது தப்பில்லை, வரப்புப் புல்லில் கதிர் நாவாய்ப்பூச்சி தங்கும். ஆனால் வாய்க்கால் ஓரத்தையும் சேர்த்து வழித்தெடுக்கவோ களைக்கொல்லி அடிக்கவோ தேவையில்லை. நடு வரப்புகளைச் சுத்தம் செய்யுங்கள். வாய்க்கால், குளத்து ஓரக் கோரையை மட்டும் கூடு காலியாகும் வரை விட்டுவையுங்கள்.

மருந்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இலைச்சுருட்டுப்புழுவுக்கு, வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவிகித இலைகளும் பூக்கும் பருவத்தில் 5 சதவிகிதக் கண்ணாடி இலைகளும் சேதமான பிறகுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன்பே அடித்தால் காசும் போகும், குஞ்சுக்குத் தீனியும் போகும்.

நம் மாவட்டத்தில் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தன. பெரிய குளங்களுக்கு அந்தக் காவல் கிடைத்துவிட்டது. ஏலாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அதில் நெல் போடுகிற விவசாயிதான் காவல்.

“குஞ்சு எப்பம் பறக்கும் சாரே?” என்று கேட்டார் அந்த அம்மா. “ரெண்டு வாரம் பொறுங்கம்மா” என்றேன்.

உங்கள் வயலில் கூடு கட்டும் குருவி எது, அது நெல்லைத் தின்னுமா என்ற சந்தேகம் இருந்தால், அலகின் வடிவத்தைக் குறிப்பிட்டு கேள்வி–பதில் பகுதிக்கு எழுதுங்கள்.