என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி ஆசை

அன்புள்ள செல்விக்கு,

உன் நாத்தனார் வீட்டுப் பாகப்பிரிவினைக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாயே, இது நியாயமா? மீதியை உடனே எழுது. அதுவரை இங்கே டெக்ஸஸ் ஃபிரிஸ்கோவில் நடக்கிற கூத்தைக் கேள். எங்கள் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி ஆசை வந்திருக்கிறது. சிரிக்காதே. கரப்பான்பூச்சி வந்தால் என்னைக் கூப்பிடுகிற அதே மனுஷன்தான்.

எல்லாம் கிரீன் கார்டு வந்த கோலாகலம். ஹெச்-1பி விசாவில் இருக்கிறவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. அதில் ஒரு சந்து உண்டு: வேட்டை லைசென்ஸ் இருந்தால் வாங்கலாம். இங்கே ஒரு கும்பகோணத்துக்காரர் இருக்கிறார், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். அவர் பர்ஸில் வேட்டை லைசென்ஸ்! கிரீன் கார்டுக்காரர்களுக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம். கடையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கஞ்சா அடிப்பாயா என்றுகூட அதில் கேள்வி இருக்கிறதாம். பெயரைக் கொடுத்துக் குற்றப் பின்னணி பார்ப்பார்கள், சரியென்றால் கையில் கொடுத்துவிடுவார்கள். 2021 செப்டம்பரிலிருந்து டெக்ஸஸில் 21 வயதானவர் பெரும்பாலும் பெர்மிட்டே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். ஆனால் ஏரியில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும்!

எதை வாங்குவது என்பதில்தான் தெருவே இரண்டுபட்டுக் கிடக்கிறது. எதிர்வீட்டுத் தாத்தா ஷாட்கன் கட்சி. உன் மாமனாரிடம் ஓர் இரட்டைக்குழல் இருந்ததே, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவாரே, அந்த வகைதான். தாத்தாவுடையது ஒற்றைக்குழல், முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது. 1950இல் வந்த ரெமிங்டன் 870ஐத் தாத்தா இன்னும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். ‘சரக்-சரக்’ என்று இழுக்கிற சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான், குறியே பார்க்க வேண்டாம், ரவை விரிந்து போய்த் தைக்கும் என்கிறார். பைடனும் துணை ஜனாதிபதியாக இருந்தபோது, 2013இல், ஒரு ஷாட்கன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் ஊருக்கே யோசனை சொன்னார். ஆனால் ஒரு கூடத்தின் நீளத்துக்குள் ரவை உள்ளங்கை அகலம்தான் விரியும். குறி தவறினால் தவறியதுதான். சுடுதளத்தில் சுட்டுப் பார்த்தபோது அது உதைத்த உதையில் என் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. நீளமும் அதிகம், எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் அதைத் தூக்கிக்கொண்டு திரும்புவதற்குள் திருடன் காபி போட்டுக் குடித்துவிடுவான்.

வீட்டுக்காரரின் ஆபீஸ் பையன்களோ ஏஆர்-15 ரைஃபிள் கட்சி. அவர்கள் சொல்வதில் விஷயம் இல்லாமலும் இல்லை. உதை குறைவு, தோளில் அணைத்துச் சுடுவதால் குறி நிற்கும், ஒரு மேகஸினில் 30 தோட்டா. நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் உண்டு: அதன் தோட்டா சின்னது, வேகம் அதிகம், சுவரில் பட்டதும் உருண்டு உடைந்துபோவதால் சில வகைத் தோட்டாக்கள் கைத்துப்பாக்கித் தோட்டாவைவிடக் குறைவான சுவர்களைத்தான் தாண்டுமாம். இருக்கட்டும். 2022 மே மாதம் இதே டெக்ஸஸில், உவால்டே பள்ளிக்கூடத்தில் 19 குழந்தைகளையும் 2 டீச்சர்களையும் கொன்றது அந்த இனத்துத் துப்பாக்கிதான். சுட்டவன் 18 வயது முடிந்த கையோடு கடையில் போய் வாங்கியிருக்கிறான். கைத்துப்பாக்கி என்றால் 21 ஆகாமல் கடைக்காரர் விற்க முடியாது, நீளத் துப்பாக்கிக்கு 18 போதும். இந்தக் கணக்கை எனக்கு யாராவது புரியவைத்தால் தேவலை. அது என் வீட்டு வாசலை மிதிக்காது என்று சொல்லிவிட்டேன்.

சுடுதளத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாள் கைத்துப்பாக்கி பக்கம். ஒரு கையில் பிடிக்கலாம், இன்னொரு கையில் குழந்தையை இழுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் போலீஸைக் கூப்பிட 911க்கு போன் போடலாம் என்கிறார். கிளாக் 19ஐக் கையில் கொடுத்தார். 15 தோட்டா, கைக்கு அடக்கம். ஆனால் கிட்ட நின்று சுட்டும் என் குண்டுகள் காகித மனிதனின் காதோரமே போயின. மூன்றிலும் குறி வைக்கக் கஷ்டமானது இதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க விரலில் வலு வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு ரிவால்வர் நல்லது என்பார்கள், இழுக்கிற வேலை இல்லை. அதற்குப் பதில் ட்ரிக்கர் கல்லுப்போல் இருக்கிறது, சின்ன வகையில் தோட்டாவும் ஐந்துதான்.

இவ்வளவு பேசுகிறவர்களில் ஒருத்தராவது எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தாரா? செங்கல் என்று நினைத்துவிடாதே. மரச்சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். ஆளை நிறுத்தக்கூடிய எந்தத் தோட்டாவும் அதைத் தாண்டும். எங்கள் படுக்கையறைக் கதவிலிருந்து மாடிப்படியை நோக்கிச் சுட்டால் நேர் எதிரே சின்னவள் கட்டில். பறவை சுடுகிற பொடி ரவை போட்டால் சுவரில் அடங்கும் என்றார் ஒருவர். ஆளிடமும் அடங்கிவிடுமே, அப்புறம் எதற்கு அது?

இன்னொன்றை வீட்டுக்காரரிடம் ராத்திரி மெதுவாகத்தான் சொன்னேன். 2022இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் ஏறத்தாழ 48,000 பேர். அதில் சுமார் 27,000 பேர் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பெரியவனுக்குப் பதினாறு வயது. பரீட்சை மார்க் வந்த அன்று அவன் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது உனக்கு எழுதினேனே. பூட்டி வைக்காத துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கிடைத்தால் டெக்ஸஸ் சட்டத்தில் வைத்திருந்தவர்மேல் கேஸ் என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கேஸுக்குப் பயந்து பேசாமல் இருந்ததாகத் தோன்றவில்லை.

இப்போதைக்கு ராஜியாகி இருக்கிறோம். வாசல் கதவின் நிலையில் நீள ஸ்க்ரூ போட்டாயிற்று, கொல்லைப்புறம் ஆள் நடந்தால் எரிகிற விளக்கு வந்தாயிற்று. பெரியவன் காலேஜ் போகிறவரை துப்பாக்கிப் பேச்சு இல்லை. அதற்குப் பிறகும் அடம்பிடித்தால் கைத்துப்பாக்கி ஒன்று, கட்டிலோரத்தில் ஆணியடித்துப் பொருத்திய நம்பர் பூட்டுப் பெட்டிக்குள். மாதம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போய்ப் பழகவேண்டும், போகாத மாதம் விற்றுவிடுவேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன். தாத்தாவுக்கு என்மேல் கோபம், இரண்டு நாளாகக் கையசைப்பதில்லை.

அடுத்த வாரம் நீ கோயிலில் என் மாமியாரைப் பார்த்தால் இதில் ஒரு வார்த்தை மூச்சுவிடாதே. போனிலேயே அழுதுவிடுவார்கள், அப்புறம் நான் சமாதானம் சொல்லி மாளாது. பாகப்பிரிவினையில் அந்தத் தென்னந்தோப்பு யாருக்குப் போனது?

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரி