விடுமுறைப் பயணம் வெளிக்கிட முன் போனில் பார்த்துக்கொள்ள வேண்டியவை

தவணை விடுமுறை நெருங்குகிறது. நுவரெலியா, எல்ல, கண்டி என்று வாட்ஸ்அப் குரூப்புகளில் இப்போதே திட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ஒரே வலயத்தில் நியமனம் கிடைத்து, அம்பாறைக் கரையோரத்திலிருந்து கண்டிப் பக்கத்துக்கு மாதம் இரண்டு தடவை வேனில் போய்வருகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். ஆறு வருடமாக இந்தப் பாதையில் எங்களுக்குக் கைகொடுத்த செயலிகளைப் பற்றிச் சொல்லச் சொல்லிப் பலர் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

2022 இல் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தபோதுதான் போனும் வண்டிச் சாமான்களில் ஒன்றாக மாறியது. 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை போய்விட்டது. ஆனால் போன் சாரதியின் பக்கத்திலேயே தங்கிவிட்டது. அதனால் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

1. கூகுள் மேப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்

மஹியங்கனை தாண்டி, ஹசலகவுக்குப் பிறகு 18 வளைவு ஏறத் தொடங்கினால் சில இடங்களில் சிக்னல் சுத்தமாக இருக்காது. மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டால் ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ என்று வரும். போகும் பகுதி முழுவதையும் வைஃபையில் இறக்கி வைத்தால் டேட்டா இல்லாமலும் வாகனப் பாதையைக் காட்டும். ஆனால் அப்போது வாகன நெரிசலையோ மாற்றுப் பாதையையோ காட்டாது. ஆகவே மலை ஏற முன், சிக்னல் உள்ள கடைசி டவுனில் ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்தி, பாதையை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மேப் உங்கள் வண்டியை அறியாது

கார் போகும் பாதை என்று நினைத்துத்தான் அது வழி சொல்கிறது. நீங்கள் வருவது காரிலா, 14 பேர் ஏறிய வேனிலா, பெரிய பஸ்ஸிலா என்று அதற்குத் தெரியாது. உங்கள் பிரேக்கின் நிலையும் தெரியாது. பத்து நிமிடம் மிச்சம் என்று தோட்டப் பாதைக்குள் திருப்பிவிடும். அங்கே எதிரில் ஒரு லொறி வந்தால் பின்னுக்கு எடுக்க இடமில்லை. மலையகத்தில் எங்கள் வழக்கம், தூரம் கூடினாலும் பிரதான வீதியை விடுவதில்லை. சந்தேகம் வந்தால் கடைக்காரரிடம் கேட்போம். மாலை மங்கினால் மஹாஓயாப் பக்கம் யானை வரும். அதை எந்த மேப்பும் காட்டாது.

3. மழைக் காலத்தில் நிறத்தைப் பாருங்கள்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள் என்றால் தயார் நிலை. சிவப்பு என்றால் அங்குள்ளவர்களே வெளியேற வேண்டும். வீட்டுக்காரர் வெளியேறும் இடத்துக்கு நாம் சுற்றுலா போவதா? 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்தபோது மலையகப் பாதைகள் எப்படித் துண்டிக்கப்பட்டன என்பதை எல்லோரும் பார்த்தோம். மேப்பில் நீலக் கோடு தெரிகிறது என்பதற்காகத் தரையிலும் பாதை இருக்கும் என்றில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐச் சேமித்து வைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். ஹோட்டலுக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

4. 1990 ம் இரண்டு எண்களும்

1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. அழைத்தால் முதலில் கேட்பது, ‘எங்கே நிற்கிறீர்கள்?’ என்பதுதான். சென்ற வருடம் எங்களில் ஒருவரின் உம்மாவுக்கு இரவு நேரம் வழியில் நெஞ்சு வலி வந்தது. சுற்றிலும் காடு. ஊர்ப் பெயர்ப் பலகை ஒன்றும் இல்லை. மேப்பில் நாங்கள் நின்ற இடத்தை அழுத்திப் பிடித்ததும் இரண்டு எண்கள் வந்தன. அவற்றை வாசித்துச் சொன்னோம், வண்டி நேரே வந்து சேர்ந்தது. உம்மா இன்று நல்ல சுகமாக இருக்கிறா.

வகுப்பில் அகலாங்கு, நெட்டாங்கு படிப்பிக்கும்போது ‘இது எதுக்கு சேர்?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதற்குத்தான். இலங்கைக்குள் முதல் எண் 5.9 க்கும் 9.8 க்கும் இடையில் இருக்கும். இரண்டாவது 79 இல் அல்லது 80, 81 இல் தொடங்கும். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. அழைப்பு எடுக்குமளவு சிக்னல் இருந்தால் போதும். இன்றிரவே வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

5. தனியாகப் போகும் பெண்களுக்கு

வாட்ஸ்அப்பில் ‘லைவ் லொகேஷன்’ 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று அனுப்பலாம். எங்கள் குழுவிலுள்ள ஆசிரியைகள் அதிகாலை பஸ் ஏறும்போது 8 மணித்தியாலம் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ‘எங்க நிக்கிறீங்க?’ என்ற பத்து கோல் மிச்சம். பிக்மீ, ஊபர் உள்ள இடங்களில் ஏற முன்பே கட்டணம் தெரியும். போனில் காட்டும் வாகன இலக்கமும் வந்த வாகனத்தின் இலக்கமும் ஒன்றா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். பள்ளிவாசலை மேப்பில் தேடினால், போய்வந்தவர்கள் எழுதியதையும் வாசியுங்கள். பெண்களுக்குத் தொழ இடமும் கழிவறையும் உண்டா என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.

6. கடைசியாக, மிக முக்கியமானது

இத்தனை செயலிகளும் சாரதியின் கையில் இருக்கக் கூடாது. ஒருமுறை உடுதும்பரையிலிருந்து இறங்கும்போது வாடகை வேன் சாரதி ஒரு கையில் போனை வைத்து வொய்ஸ் அனுப்பிக்கொண்டு வந்தார். பின்னால் எங்கள் பிள்ளைகள் தூக்கம். நிறுத்தச் சொன்னோம். ‘இருபது வருசமா ஓடுற ரோட் சேர் இது’ என்றார். எங்களில் மூத்தவர் அமைதியாகச் சொன்னார்: ‘ரோட் உங்களுக்குப் பழக்கம்தான் நானா. எதிர்ல வாறவருக்கு உங்களப் பழக்கமில்லயே.’ முகம் கறுத்தாலும் போனை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறோம். முன் ஆசனத்தில் விழித்திருக்கும் ஒருவர் உட்கார்ந்து பாதையைப் பார்த்துச் சொல்வார். அழைப்பு வந்தாலும் அவரே எடுப்பார். வேன் பேசும்போதே இதைச் சாரதியிடம் சொல்லிவிடுவோம். வாகனம் ஓட்டும்போது போன் பாவிப்பது சட்டப்படி குற்றம் என்பதால், ஒரு நல்ல சாரதி இதற்குக் கோபிக்கமாட்டார்.

2025 மே மாதம் கெரண்டிஎல்லவில் பஸ் கவிழ்ந்தது. செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். அந்தப் பள்ளங்களைத் தாண்டித்தான் நாமும் போகப்போகிறோம். இறக்கத்தில் கியரைக் குறைப்பது, களைத்த சாரதியைத் தூங்க விடுவது, போகமுன் பிரேக் பார்ப்பது, இவற்றையெல்லாம் மனிதன்தான் செய்ய வேண்டும். சாரதிக்குச் சாப்பாடும் ஓய்வும் கொடுக்காமல் இரவோடிரவாக ஓடச் சொல்கிறவர்கள் நாமாக இருக்கக் கூடாது.

இந்த விடுமுறையில் வேன் பிடிக்கும் எல்லோருக்கும் இதை எத்தி வையுங்கள். போனவர்கள் எல்லோரும் சுகமாக வீடு வந்து சேரட்டும்.