விதிவிலக்கு எங்கே எழுதியிருக்கிறது, ஐயா?

இலக்கணம் நடத்தும் ஆசிரியனுக்கு மென்பொருள் பொறியாளர்களின் வரைகருவியில் என்ன வேலை என்று உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்கு எழுதி வைக்கிறேன். இதில் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்குப் பொருளே இல்லை.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் திணை, பால் பாடத்தை நெடுங்காலமாக மாஜோங் தாளில் படம் வரைந்துதான் நடத்தி வந்தேன். என் முன்னாள் மாணவர் ஒருவர் டுரியான் துங்கலில் உள்ள பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் பயின்றுகொண்டிருந்தார். விடுமுறைக்குப் புக்கிட் ரம்பாய் வந்தவர், தம் பாடக்குறிப்பிலிருந்த படமொன்றைக் காட்டி, "ஐயா, நீங்கள் கரும்பலகையில் போட்ட திணைப் படமும் இதுவும் ஒன்றுபோல் இருக்கின்றன" என்றார். அது யு.எம்.எல். வகுப்புப் படம்.

யு.எம்.எல். என்பது ஒரு மென்பொருளின் அமைப்பைப் படமாக எழுதிக் காட்டும் குறியீட்டு மொழி. கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, இவார் யாக்கப்சன் ஆகிய மூவரின் முறைகள் ஒன்றிணைந்து உருவான இதனை ஓ.எம்.ஜி. என்னும் அமைப்பு 1997-இல் பொதுத்தரமாக ஏற்றுக்கொண்டது. நம் பள்ளிகளில் பயன்படுத்தும் மர வரைபடம் பொருள்களை வகைப்படுத்துகிறது. வகுப்புப் படம் அதற்கும் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொரு வகைக்கும் உரிய பண்புகளையும், வகைகளுக்கு இடையிலான உறவுகளையும் சேர்த்துக் காட்டுகிறது. மேலே 'பெயர்ச்சொல்' என ஒரு பெட்டி. அதன் கீழ் உயர்திணை, அஃறிணை என இரண்டு. உயர்திணையின் கீழ் ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணையின் கீழ் ஒன்றன்பால், பலவின்பால். கீழ்ப்பெட்டியிலிருந்து மேற்பெட்டிக்கு, உள்ளீடற்ற முக்கோணத் தலையுடைய கோடு செல்லும். 'இது அதன் வகை' என்பது அக்கோட்டின் பொருள்.

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சுட்டியால் பெட்டிகளை இழுத்து வைக்கும் மென்பொருள் ஒன்றில் மூன்று இரவுகள் உட்கார்ந்து படத்தை வரைந்தேன். அடியில், "உயர்திணைப் பெயர் உயர்திணை வினைமுற்றையே கொண்டு முடியும்" என்று பெரிய எழுத்தில் ஒரு விதியும் எழுதினேன். அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். பார்த்தவர் பாராட்டினர். நானும் மகிழ்ந்தேன்.

சில வாரங்கள் கழித்துப் பிழையான வாக்கியத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சி ஒன்று கொடுத்தேன். மாணவி ஒருத்தி, 'குழந்தை அழுதது' என்னும் வாக்கியத்தைப் பிழையெனக் கருதி, 'குழந்தை அழுதாள்' என்று திருத்தியிருந்தாள். நான் சிவப்பு மையால் குறுக்குக்கோடு இட்டேன். அவள் எழுந்து நின்று சுவரைக் காட்டினாள். "படத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறது, ஐயா?" என்றாள். "அது விதிவிலக்கு, மனனம் செய்துகொள்" என்றேன். "விதிவிலக்கு எங்கே எழுதியிருக்கிறது, ஐயா?" என்றாள். "உட்கார்" என்றேன்.

அன்றே படத்தைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. ஒரு புதிய பெட்டியை நுழைத்தால் மற்றவற்றையெல்லாம் நகர்த்த வேண்டும். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மீண்டும் மூன்று இரவுகள் யார் உட்காருவது என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அம்மாணவி வகுப்பில் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் காலை அவளுடைய தந்தை, தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்த கையோடு, சீருடையுடனேயே பள்ளிக்கு வந்தார். குறைசொல்ல வரவில்லை. "பிள்ளை இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், வாத்தியார் ஐயா. எனக்கும் விடை தெரியவில்லை" என்றார். நான் வெட்கிப்போனேன்.

அந்த வாரமே முன்னாள் மாணவரை அழைத்தேன். அவர் பிளாண்ட்-யு.எம்.எல். என்னும் கட்டற்ற கருவியைச் சொல்லித்தந்தார். ஆர்னோ ரோக் என்பவர் உருவாக்கி 2009 முதல் வெளிவரும் கருவி அது. இதில் படம் வரைவதே இல்லை. படத்தை எழுத வேண்டும். இன்ன பெட்டி, இன்ன பெட்டியின் வகை என்று வரி வரியாக எழுதினால் போதும். பெட்டிகளை எங்கே வைப்பது, கோடுகளை எப்படி ஓட்டுவது என்பதைக் கிராஃப்விஸ் என்னும் துணைக்கருவி தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஒரு வரியைச் சேர்த்தால் முழுப்படமும் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

தமிழுக்கு ஏற்ப அதைச் சற்றுப் பழக்க வேண்டியிருந்தது. முதல் முயற்சியில் தமிழுக்குப் பதில் புரியாத குறிகளே வந்தன. கோப்பை யூ.டி.எப்.-8 குறியேற்றத்தில் சேமித்து, கருவியை இயக்கும்போதும் அதே குறியேற்றத்தைக் குறிப்பிட்ட பின்னர் எழுத்துகள் சீராயின. அடுத்து, தமிழ் எழுத்துருவின் பெயரை ஒரு வரியில் கொடுத்தேன். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்து ஒரு வட்டத்துக்குள் வரும். பிள்ளைகளுக்கு அது தேவையற்ற குழப்பம். யு.எம்.எல். மொழியில் 'ஸ்டீரியோடைப்' என்றொரு வசதி உண்டு. பொதுவான ஒரு பெட்டிக்கு நம் துறைக்குரிய முத்திரையை நாமே குத்திக்கொள்ளலாம். அதைக் கொண்டு உயர்திணைக்கு 'உ', அஃறிணைக்கு 'அ' என்று வட்ட எழுத்துகளை மாற்றினேன்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. கருவிக்குள்ளேயே சிறு நிரல் எழுத முடியும் என்பதால், மூன்று செய்திகளை வாங்கிக்கொள்ளும் நிரல் ஒன்றை அமைத்தோம். முதலாவது, சொல். இரண்டாவது, பொருளால் அது எந்தத் திணை என்பது. மூன்றாவது, எந்தத் திணை வினைமுற்றைக் கொண்டு முடிகிறது என்பது. இரண்டு திணையும் ஒன்றானால் பெட்டி வெள்ளையாக இருக்கும். வேறுபட்டால் மஞ்சளாகிவிடும். சொற்பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்து, படத்தோடு இணைத்தோம். இனிச் சொல்லைச் சேர்க்க ஒரே வரி போதும்.

பொருளும் முடிபும் வெவ்வேறு என்று பிரித்து எழுதியபோதுதான் என் பழைய படத்தின் பிழை எனக்கே தெளிவாயிற்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, 'விதி' என்று சுவரில் ஒட்டியிருந்தேன். தொல்காப்பியர் அப்படிச் செய்யவில்லை. குழவி, மகவு, குழு, அரசு, விருந்து போன்ற சொற்கள் மக்களைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் பட்டியலிட்டே வைத்திருக்கிறார். விதிவிலக்கு எழுதப்பட்டுத்தான் இருந்தது. என் படத்தில்தான் இல்லை.

மறுநாள் பழைய படத்தை மாணவர்கள் முன்னிலையில் கழற்றினேன். அம்மாணவியின் பயிற்சிப் புத்தகத்தில் என் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, "சுவரிலிருந்த விதிப்படி நீ செய்தது சரி. விதியை முழுமையாக எழுதாதது ஆசிரியரின் பிழை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு மடிக்கணினியைத் திரையோடு இணைத்து, சொற்களைச் சொல்லச் சொன்னேன். 'அணி வென்றது', 'கூட்டம் கலைந்தது' என ஒவ்வொன்றாக மஞ்சள் பெட்டிகள் பெருகின. ஒரு பையன், "எங்கள் பாட்டி வீட்டுப் பசுவைப் பாட்டி 'இலட்சுமி வந்தாள்' என்றுதான் சொல்வார், ஐயா" என்றான். அதுவும் மஞ்சளாயிற்று, ஆனால் எதிர்த்திசையில். உவகையால் இவ்வாறு திணை மாறி வருவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது என்றும், அதற்கு வழுவமைதி என்று பெயர் என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை அன்று யாரும் மனனம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கருவி எனக்கு இலக்கணம் கற்பிக்கவில்லை. ஆனால் திருத்துவதை எளிதாக்கியது. திருத்துவது கடினமாக இருந்தபோது பிழையை ஒப்புக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை என்பதே உண்மை. சக ஆசிரியர்களே, உங்கள் வகுப்பறைச் சுவரிலுள்ள படங்களை ஒருமுறை பாருங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தயங்காமல் பள்ளிக்கு வாருங்கள். அன்று அந்தத் தந்தை வராதிருந்தால் பழைய படம் இன்றும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

அம்மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். சொற்பட்டியலின் கடைசி வரி அவள் விடைபெறும் நாளில் தட்டெழுதிவிட்டுப் போனது: 'வகுப்பு'. பொருளால் உயர்திணை, முடிபால் அஃறிணை. வகுப்பு சிரித்தது.