வில்சன் என்கிற நடுப்பெயர்

கல்யாணமே ஆகாத ஒரு பெண்ணின் பெயருக்குள் அந்நியக் குடும்பம் ஒன்றின் பெயர் எப்படி வந்து உட்கார்ந்தது? 1903இல் வெளியான ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ புத்தகத்தின் முகப்புப் பக்கத்தை இணையத்தில் பார்த்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எழுதியவர் பெயர் ஏமி வில்சன்-கார்மைக்கேல் என்று இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் உள்ள டோனாவூரில் பெண்பிள்ளைகளுக்குப் புகலிடம் நடத்திய ஐரிஷ் மிஷனரிதான் அவர்.

அப்பா டேவிட் கார்மைக்கேல், மாவு மில் வைத்திருந்தவர். அம்மா பிறந்த வீட்டுப் பெயர் ஃபில்சன். ஃபில்சன்தான் எங்கேயோ அச்சில் வில்சனாகிவிட்டதோ என்று பார்த்தால், 1909இல் வந்த ‘லோட்டஸ் பட்ஸ்’ நூலிலும் அதே வில்சன். ஒரே பிழை இரண்டு முறை நேராது.

எங்கள் பாலக்கோட்டில் குடியிருக்கும், அந்தத் தெற்குச் சீமையின் நாசரேத்துக்காரர் ஒருவரிடம் கேட்டேன். “எங்க பக்கத்துல எல்லாரும் அம்மான்னுதான் சார் சொல்லுவாங்க. வில்சன்லாம் யாருக்குத் தெரியும்?” என்றார். தர்மபுரியில் இதற்குமேல் விசாரிக்க ஆளில்லை. ஃபிராங்க் ஹௌட்டன் 1953இலும் எலிசபெத் எலியட் 1987இலும் எழுதிய வாழ்க்கை வரலாறுகளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதில் அங்கே கிடைத்தது.

ராபர்ட் வில்சன் வடக்கு இங்கிலாந்துக்காரர். பாதிரியார் அல்ல, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1875இல் தொடங்கிய கெசிக் என்ற கிறிஸ்தவ ஆன்மிகக் கூட்டங்களை ஹார்ஃபோர்ட்-பேட்டர்ஸ்பி என்ற ஆங்கிலிக்கன் குருவோடு சேர்ந்து உருவாக்கியவர். மனைவி போய்விட்டார், ஒரே மகளும் இளம்வயதிலேயே போய்விட்டாள். கல்யாணமாகாத இரண்டு மகன்களோடு பிராட்டன் கிரேஞ்ச் என்ற பெரிய வீட்டில் இருந்தார். பெல்ஃபாஸ்டில் மில் வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தகரக் கொட்டகையில் சபை நடத்திக்கொண்டிருந்த ஏமியோடு அவருக்கு அறிமுகமிருந்தது. 1890இல் ஏமி அந்த வீட்டுக்கே குடிபோனார். தகப்பனை இழந்து ஐந்து வருடமான பெண். மகளைப் பறிகொடுத்த கிழவர். ‘அன்புக் கிழவர்’ என்று பொருள்படும்படி டி.ஓ.எம். என்று மூன்றெழுத்தில் ஏமி அவரைக் கூப்பிட்டார். அவர் பெயரைத் தன் பெயருக்கு நடுவில் சேர்த்துக்கொண்டார். மகன்களுக்கு இது பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? நம் ஊரில் என்றால் பஞ்சாயத்தே கூடியிருக்கும். பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1892 ஜனவரியில், கடல் கடந்து போகச் சொல்லித் தனக்கு அழைப்பு வந்ததாக ஏமி சொன்னார். கிழவர் உடைந்துபோனார். தடுத்திருந்தால் தடுத்திருக்கலாம். ஆனால் அடுத்த வருடம் ஏமி ஜப்பானுக்குக் கப்பலேறியபோது கெசிக் அமைப்பின் ஆதரவில் வெளிநாடு போன முதல் மிஷனரி என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. தான் விட மனமில்லாத பெண்ணைத் தன் இயக்கமே அனுப்பிவைக்கும்படி ஆயிற்று.

ஜப்பானில் உடம்பு ஒத்துவரவில்லை. 1894இல் இலங்கைக்கு வந்தார். கிழவருக்குப் பக்கவாதம் என்று செய்தி வர, போட்டது போட்டபடி ஊருக்குத் திரும்பினார். கூடவே இருந்து பார்த்தார். 1895 அக்டோபரில் மறுபடி கப்பல். இந்த முறை இந்தியா. பெங்களூர் வந்ததும் டெங்கு. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் இன்று வேலை தேடிப் போகிற அதே பெங்களூரில், வெள்ளைக்காரர்களின் தேநீர் விருந்துகளுக்கு நடுவே அவருக்கு மூச்சு முட்டியது. 1896இல் தமிழ் படிக்கத் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். ரயிலில் போயிருந்தால் ஜோலார்பேட்டை தாண்டி எங்கள் மொரப்பூர், பொம்மிடி வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இது என் ஊர்ப்பாசம், ஆதாரமில்லை.

அதன்பின் அவர் ஊருக்கே திரும்பவில்லை. கிழவர் 1905இல் இறந்தார். இடைப்பட்ட பத்து வருடமும் கடிதத்தோடு சரி. கடல் கடந்து, சூயஸ் தாண்டி ஒரு கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் இங்கே ஒரு பருவமே மாறிவிடும்.

பெயரின் கதை இவ்வளவுதான். ஆனால் தேடப் போன இடத்தில் இன்னொன்றும் பிடிபட்டது. ஏமியின் எழுத்தில் மேடைக் குரல் கிடையாது. தெரிந்த ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற தொனி. முதல் நூலான ‘ஃப்ரம் சன்ரைஸ் லேண்ட்’ ஜப்பானிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ கைப்பிரதியை இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, இத்தனை சோர்வாக வேண்டாம், கொஞ்சம் உற்சாகமாக மாற்றித் தாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மாற்றவில்லை. தோழிகள் வற்புறுத்தியபிறகே அச்சேறியது. நயந்து பேசத் தேவையில்லாத ஒரு கிழவருக்கு வருடக்கணக்காகக் கடிதம் எழுதிப் பழகிய கை அது என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது, படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

1931இல் டோனாவூர் அருகே களக்காட்டில் வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்வையிடப் போனவர், இருட்டில் கழிப்பறைக்காகத் தவறான இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைவாசம்தான். இப்போது அவரே வயதானவர், அவரே தபாலை நம்பியவர். டோனாவூர் வட்டத்து நோயாளிகளுக்கு அந்தக் கட்டிலிலிருந்து எழுதிய கடிதங்கள்தான் 1933இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற புத்தகமாயின.